வன்னியில் ஒரு முதுமாணிப் பட்டம்: கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல்நகர் பீடங்களிலும் கணினியும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

மனித கணினி இடைவினையில் ஒரு முதுமாணிப் பட்டத்தை வன்னியில் தொடங்குங்கள் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். உங்களுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தப் படிப்பு வந்தால் அதனால் பயன் பெறப்போகிறவர்களும் இதை வாசிக்கவேண்டும். கமநல சேவை நிலையத்தில் காத்திருக்கும் கமக்காரர், பிரதேச செயலகத்தில் நாள்முழுக்கப் பிறருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் உத்தியோகத்தர், உயர்தரம் முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளை, எல்லோரும் வாசித்துத் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கணினியில் முதல் பட்டம் பெற்று, கொஞ்சக்காலம் வேலை பார்த்து, பிறகு ஒரு புலமைப்பரிசிலில் ஐரோப்பிய நகரொன்றுக்குப் போய் இதே துறையில் முதுமாணி படித்தேன். அங்கே கற்பித்தவர்கள் மீது எனக்கு நன்றி மட்டும்தான் உண்டு. ஆனால் வகுப்பில் தந்த பயிற்சிகள் எல்லாம் கோப்பி வாங்கும் செயலி, ரயில் சீட்டு எடுக்கும் இயந்திரம், உடற்பயிற்சிக்கான கைக்கடிகாரம் என்றே போயின. ஆய்வுக்கு முல்லைத்தீவைத் தேர்ந்தெடுத்து ஊருக்கு வந்தபோதுதான், படித்த முறைகளின் வலிமையும் அவை எங்கே கைகொடுக்காமல் போகின்றன என்பதும் ஒருசேரத் தெரிந்தன.

துறை தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு கருவியை, ஒரு திரையை, ஒரு படிவத்தை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், அந்தத் தடுமாற்றத்தை வடிவமைப்பால் எப்படி நீக்கலாம் என்று ஆராய்வதுதான் மனித கணினி இடைவினை. இதன் வேர்கள் கணினிக்கு வெளியேயும் இருக்கின்றன. ஒரு பொத்தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிது என்பதை வைத்து கை அதைச் சென்றடையும் நேரத்தைக் கணிக்கும் விதியை 1954இல் போல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் வகுத்தார். 1982இல் அமெரிக்காவின் கேதர்ஸ்பர்க்கில் ஒரு மாநாடு கூடியது; அடுத்த ஆண்டிலிருந்து இத்துறைக்கென்றே ஆண்டுதோறும் கூடும் சிஎச்ஐ மாநாடுகள் தொடங்கின. 1990களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதற்கென ஒரு நிறுவகத்தையே அமைத்து முதுமாணிப் பட்டம் தரத் தொடங்கியது. நேர்காணல், அவதானிப்பு, கடதாசியில் மாதிரி செய்து பார்ப்பது, ஆட்களோடு சோதிப்பது, முடிவுகளைப் புள்ளிவிபரவியலால் பரிசீலிப்பது, இவைதான் படிப்பின் உடம்பு. திரைக்கு அழகான நிறம் பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது இதில் மிகச் சிறிய பகுதி.

சரி, இதை ஏன் வன்னியில் படிக்கவேண்டும்?

பெயரிலிருந்தே தொடங்கலாம். இணையப் படிவம் முதற்பெயர் என்ன, குடும்பப்பெயர் என்ன என்று கேட்கிறது. எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயரும் தன் பெயரும்தான் உண்டு. எதை எங்கே போடுவது? ஒரு படிவத்தில் தகப்பன் பெயர் குடும்பப்பெயராகிறது, இன்னொன்றில் முதற்பெயராகிறது. கலியாணம் கட்டிய பெண் என்றால் கணவன் பெயரும் வந்து சேரும். கனகரத்தினம் என்ற பெயரின் நடுவில் வரும் ககரத்துக்கு அடையாள அட்டையில் ஆங்கில 'கே' இருக்கும், வங்கிப் புத்தகத்தில் 'ஜி' இருக்கும். மனிதருக்கு அது ஒரே பெயர்; கணினிக்கு இரண்டு ஆட்கள். இதற்குமேல், ஆவணங்களை எல்லாம் போரில் தொலைத்துவிட்டுப் பின்னர் நடமாடும் சேவைகளில் பிரதி எடுத்தவர்கள் இங்கே ஏராளம். அந்தப் பிரதிகளில் ஓர் எழுத்தோ ஒரு திகதியோ மாறியிருந்தால் அந்த மனிதர் ஒவ்வொரு கருமபீடத்திலும் தானேதான் தான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வழங்கப்படும் புதியதில் பன்னிரண்டு எண்கள். இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் எத்தனை எழுத்தை அனுமதிப்பது என்ற சின்னத் தீர்மானத்தைக் கொழும்பில் யாரோ ஒரு நிரலாளர் எடுத்திருப்பார். அவர் கெட்டவர் இல்லை. ஒட்டுசுட்டானில் இருந்து பஸ் ஏறி வரும் ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவரை அவர் வேலையின் எந்தக் கட்டத்திலும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சந்திப்பை நடத்திவைப்பதைத் தொழிலாகக் கற்பிக்கும் படிப்பு இது.

அந்த அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். "அவைக்குத் தொழில்நுட்பம் தெரியாது" என்று அலுவலகங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே அம்மா பிரான்சில் இருக்கும் மகனோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறார், கனடாவில் உள்ள தங்கைக்குக் குரல் செய்தி அனுப்புகிறார், பேரப்பிள்ளையின் படத்தைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். முகமும் குரலும் வைத்த இடத்தில் தடங்கல் இல்லை. எழுத்து, கடவுச்சொல், நேர எல்லை மூன்றும் ஒன்றாக வருமிடத்தில்தான் தடங்கல். நிமிடத்துக்குள் ஓடிபி இலக்கத்தைத் தட்டவேண்டும் என்றால், குறுஞ்செய்தியைத் திறந்து, கண்ணாடியைத் தேடி, இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு பழைய திரைக்குத் திரும்புவதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது. 2008இல் வெளிவந்த உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியே, நேர எல்லை வைத்தால் அதை நீட்டிக்க வழிவிடு என்று சொல்லியிருக்கிறது. விதி இருக்கிறது. அதை வாசித்த ஆள் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒருவராவது வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. இதில் கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். வெளிநாட்டு வகுப்பறை எதிலும் இது வராது. இலங்கைத் தமிழர் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். இன்றைக்கும் எத்தனையோ அறிவித்தல்களும் சுற்றறிக்கைகளும் அதில்தான் தயாராகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ் என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண் தெரியாத ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானைக் கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தால் அது இந்த எழுத்துகளைத்தான் உச்சரிக்கும். பக்கத்தில் இருக்கும் பார்வையுள்ளவர் "தமிழிலதானே போட்டிருக்கு" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், ஷெல்வீச்சில் பார்வை இழந்தவர், ஒரு வேலை அறிவித்தலின் முடிவுத் திகதியை அறிய வேறொருவர் வீட்டுக்கு வரும்வரை காத்திருந்தார். அந்த அறிவித்தல் எங்கிருந்து வந்தது என்பது இங்கே முக்கியமில்லை. இது எங்கும் நடக்கிறது.

கணினிக்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், அங்கேயும் ஆராய நிறைய இருக்கிறது. கொ என்ற எழுத்து திரையில் மூன்று துண்டாகத் தெரிகிறது, உள்ளே இரண்டு குறியீடாக இருக்கிறது, எழுதுகிறவர் மனதில் அது ஒன்று. அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் எது போகவேண்டும்? மூன்று பேர் மூன்று விதமாக எதிர்பார்க்கிறார்கள். பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர் ரெங்கநாதன் விசைப்பலகையைத் தேடுகிறார், பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் ஒலியை வைத்து எழுதுகிறார்கள், முதியவர்கள் போனைப் பார்த்துப் பேசிவிடலாம் என்கிறார்கள். கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழுக்கென்று தனித் தெரிவே உண்டு. ஆனால் வன்னியில் பேசப்படுவது ஒரே தமிழா? யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்கள், 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து தர்மபுரம் போன்ற இடங்களில் வேரூன்றியவர்கள், பரம்பரையாக இங்கேயே இருந்த வன்னி மக்கள், முசலியில் முஸ்லிம் மக்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு. யாருடைய பேச்சை இயந்திரம் தவறாகக் கேட்கிறது, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதை ஒழுங்காக அளந்து பார்த்தால் அதுவே ஒரு நல்ல முதுமாணி ஆய்வு. அதைச் செய்ய மொழி ஆய்வாளரும் கணினி ஆளும் ஒரே அறையில் இருக்கவேண்டும்.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்புகிற விடயம். என் ஆய்வு முழுவதும் இதைப் பற்றியதுதான்.

கையை இழந்தவர்கள், விரல்களை இழந்தவர்கள், உடம்பில் இன்னும் பீஸ் (ஷெல் சிதறல்) இருப்பவர்கள், ஒரு கண் மட்டும் தெரிபவர்கள் வன்னியின் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். போர் 2009இல் முடிந்தது, உடம்புக்கு அது முடியவில்லை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எவ்வளவு காலம் நீண்டது என்பது உங்களுக்குத் தெரியும். இவர்களில் பலரிடமும் இன்று ஸ்மார்ட் போன் இருக்கிறது. அந்தப் போனைச் செய்தவர்கள் பத்து விரலும் உள்ள ஒருவரை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். தொடுதிரை தோலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து வேலை செய்வது. பிளாஸ்டிக் செயற்கைக் கையால் அதைத் தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. வெட்டுண்ட கையின் நுனியால் தொட்டால் தெரியும், ஆனால் அந்த நுனி அகலமானது, பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அழுந்துகிறது. விரல் அடையாளம் கேட்டால் கொடுக்க விரல் இல்லை. போனைப் பிடிக்கவும் அழுத்தவும் ஒரே கை என்றால், திரையின் மேல் மூலை எட்டாத தேசம்.

முன்பு சொன்ன இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு, 2023 ஒக்டோபரில் வெளிவந்தது, தொடுமிடம் ஒவ்வொன்றும், சில விதிவிலக்குகளோடு, குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. நான் சந்தித்தவர்களில் பலருக்கு அது காணாது. வோப்ரோக்கும் சக ஆய்வாளர்களும் 2011இல் ஆற்றலை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்பு என்ற கருத்தை முன்வைத்தார்கள்: மனிதர் கருவிக்கு வளையவேண்டாம், மனிதரிடம் இருக்கும் ஆற்றலை அறிந்து கருவி வளையட்டும். அமெரிக்காவில் எழுதப்பட்ட அந்தக் கருத்தை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தவர்கள் எல்லாம் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் இருப்பவர்கள்தான். ஒருவர் போனை முழங்கால்களுக்கு இடையில் செருகிவிட்டு நாடியால் திரையை மேலே தள்ளுவார். இன்னொருவர் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, குரலால் அழைப்பெடுத்து, பழகிய நாலைந்து படங்களை வைத்தே முழுக் கடைக் கணக்கையும் நடத்துகிறார். இவர்கள் எல்லோரும் வடிவமைப்பாளர்கள்தான். அவர்கள் கண்டுபிடித்ததைப் பதிந்து, சோதித்து, மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்ய ஒரு துறை இல்லாமல் இருப்பதுதான் குறை.

சட்டத்தைப் பொறுத்தவரை நாடு கையெழுத்துப் போட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. செய்து காட்டும் கைகள்தான் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வன்னி மக்கள் கேள்விக்கொத்துகளால் களைத்தவர்கள். முகாமிலிருந்து மீள்குடியேறிய நாள் தொட்டு எத்தனையோ நிறுவனங்கள் வந்து கேட்டுப் போய்விட்டன. கையில் ஒரு கோப்போடு படலையில் நின்றாலே, "என்ன பிள்ளை, வீட்டுத்திட்டமோ?" என்ற கேள்விதான் முதலில் வரும். உதவி வரலாம் என்ற எதிர்பார்ப்போடு பேசுபவர், கேட்பவருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். இதை ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். 2012 சிஎச்ஐ மாநாட்டில் நிக்கோலா டெல்லும் சக ஆய்வாளர்களும் பெங்களூரில் செய்த ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். இரண்டு கருவிகளில் ஒன்று கேள்வி கேட்பவருடைய ஆக்கம் என்று நம்பிய மக்கள், அதையே நல்லது என்று சொல்வதற்கான வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் வெளிநாட்டவர் என்றால் அது ஐந்து மடங்கு. வெளியிலிருந்து வந்து எங்களை ஆராய்கிறவர்களின் முடிவுகளில் எவ்வளவு நம்பலாம் என்று யோசியுங்கள். இந்த ஊர்ப் பேச்சிலேயே கேட்கத் தெரிந்த, மறுபடியும் மறுபடியும் அதே வீட்டுக்குப் போகக்கூடிய மாணவர்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

கையெழுத்து விடயமும் இதோடு சேர்ந்தது. ஆய்வில் கலந்துகொள்பவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கவேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்கும். வன்னியில் பெயர் பதிவது, கடதாசியில் கையொப்பம் வைப்பது என்றாலே முகம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயப்படுவதற்கு வரலாறு உண்டு. நான் வாய்மொழி ஒப்புதலைத் தமிழில், பெயரில்லாமல் ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டு வாங்கினேன். உங்கள் நெறிமுறைக் குழு முதல் நாளே இதை ஒரு வழமையாக ஏற்றுக்கொள்ளட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மாணவர்கள் பாடமாகவே படிக்கட்டும். கலந்துகொள்பவரின் அன்றைய நாட்கூலியைக் கொடுப்பதற்குப் பாதீட்டில் இடம் இருக்கட்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கிளை ஸ்கண்டினேவியாவில் முளைத்தது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வேரான சிமுலா மொழியைப் பற்றி உங்கள் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பீர்கள். அதை ஒலே ஜொஹான் டாலோடு சேர்ந்து உருவாக்கிய கிறிஸ்டன் நைகார்ட், 1970களின் தொடக்கத்தில் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குக் கணினி வருகிறது என்றால் அது எப்படி வரவேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் தீர்மானிக்கும் பங்கு இருக்கவேண்டும் என்பதே அந்த முயற்சி. பங்கேற்பு வடிவமைப்பு என்று இன்று உலகம் முழுக்கக் கற்பிக்கப்படுவது அங்கிருந்து வளர்ந்தது.

எங்களிடம் அதற்கான தளம் ஏற்கெனவே இருக்கிறது. இரணைமடுவின் சிறுபோகக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு, வாய்க்கால் எப்போது திறப்பது என்று கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அரச அதிபரும் ஒரே மண்டபத்தில் வாதாடுகிறார்கள். சத்தம் கூடும், சிலவேளை சண்டையும் வரும், ஆனால் தீர்மானம் பாதிக்கப்படுகிறவரின் முன்னால் எடுக்கப்படுகிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் எல்லாமே இப்படிக் கூடிக் கதைத்துப் பழகியவை. ஒரு செயலியை எழுதும் முன் இந்தச் சங்கங்களில் ஒன்றோடு ஒரு போகம் முழுக்க இருந்துவிட்டு வா என்று மாணவரை அனுப்பக்கூடிய பல்கலைக்கழகம் உலகத்தில் எத்தனை இருக்கும்? உங்களுக்கு அது கூப்பிடு தூரம்.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வாகன இலக்கம், செசி இலக்கம், அடையாள அட்டை, போனுக்கு வரும் இலக்கம் எல்லாம் கேட்ட ஒரு பதிவு அது. சந்திக் கடைகளில் பிள்ளைகள் உட்கார்ந்து ஊர் முழுக்கப் பதிந்து கொடுத்தார்கள். அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மோட்டார் சைக்கிள் திறப்பில் கட்டிவிட்டார்கள். ஒருவருடைய போனை ஒரு தெருவே பயன்படுத்தியது. ஒரு கருவி ஒரு தனி ஆளுக்கு என்று பாடப்புத்தகம் கருதிக்கொள்கிறது. இங்கே அது ஒரு வீட்டுக்கு, சிலவேளை ஓர் ஒழுங்கைக்கு. அந்த நாட்களில் யாராவது ஒரு மாணவர் குறிப்புப் புத்தகத்தோடு அந்தக் கடை வாசலில் இருந்திருந்தால் இன்று எங்களிடம் உலகம் வாசிக்கக்கூடிய ஓர் ஆய்வு இருந்திருக்கும்.

படிப்பின் அமைப்பைப் பற்றி எனக்குச் சில விருப்பங்கள் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டுமான முதுமாணி ஒன்பதாம் நிலை, 30 கிரெடிட். ஆய்வோடு கூடியது பத்தாம் நிலை, 60. ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேரமே என்று வைத்தாலும் இரண்டாவது குறைந்தது 3000 மணி நேரப் படிப்பு. பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணியின் 180 கிரெடிட்டும் சேர்ந்தே 1800 மணி நேரம்தான். பத்தாம் நிலையையே எடுங்கள். ஆய்வு இல்லாத மனித கணினி இடைவினைப் பட்டம் எனக்குச் சம்மதமில்லை. நேரம் கூட இருப்பதால் கள வேலையை அவசரமின்றிச் செய்யலாம், ஒரு காலபோகத்தையும் ஒரு சிறுபோகத்தையும் முழுதாகப் பார்க்கலாம்.

அனுமதியைக் கணினிப் பட்டதாரிகளுக்கு மட்டும் என்று அடைத்துவிடாதீர்கள். இந்தத் துறையின் பாடத்திட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று சிஎச்ஐ மாநாடுகளை நடத்தும் அமைப்பின் குழு ஒன்று 1992இல் எழுதிய அறிக்கையிலேயே உளவியலும் சமூகவியலும் மானிடவியலும் வடிவமைப்பும் கணினியோடு சேர்ந்து வந்திருக்கின்றன. ஒரு தாதிக்கு, விசேட கல்வி ஆசிரியைக்கு, சமூக சேவை உத்தியோகத்தருக்கு, தமிழ் சிறப்புப் பட்டதாரிக்கு இங்கே இடம் வேண்டும். நிரலாக்கத்தை ஓர் அரையாண்டில் தேவையான அளவுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கிளினிக் வரிசையில் பத்து வருடம் மனிதர்களைக் கவனித்த கண்ணை எந்தப் பாடநெறியாலும் கொடுக்க முடியாது.

வகுப்புகள் வார இறுதியில் இருக்கட்டும், அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் மாறி மாறி. வேலை பார்க்கும் பெண்கள் படிக்கவேண்டும் என்றால், முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் போகும் கடைசி பஸ்ஸைப் பார்த்து நேரசூசியைப் போடுங்கள். ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, உலகம் வாசிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு ஆய்வுக்கும் நாலு பக்கத்தில் ஒரு தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாகட்டும், தேவைப்படும் இடத்தில் சிங்களத்திலும். கலந்துகொண்ட கிராமத்துக்கு நேரில் போய் அதை வாசித்துக் காட்டவேண்டும், அதற்கும் புள்ளி இருக்கவேண்டும்.

ஆய்வுகூடம் பற்றிக் கவலை வேண்டாம். கண் அசைவைப் பதியும் விலை உயர்ந்த கருவிகள் பிறகு வரலாம். ஓர் அறை, மலிவான சில போன்கள், ஒரு கெமரா, நிறையக் கடதாசி, கத்தரிக்கோல் இருந்தால் முதல் வருடம் தாராளமாக ஓடும். மேற்பார்வைக்கு ஆள் காணாது என்றால், புலம்பெயர்ந்த நாடுகளில் இத்துறையில் இருக்கும் தமிழ் ஆய்வாளர்களை இணைய வழியில் இணைமேற்பார்வையாளராகக் கேட்கலாம். கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வாளர், இடைமுக வடிவமைப்பாளர் என்ற பதவிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு வேலை செய்யவும் வழி உண்டு. நானும் இப்போது அப்படித்தான் உழைக்கிறேன். ஆனால் மாவட்டச் செயலகங்களிலும், ஆஸ்பத்திரிகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும் இவர்களுக்கு ஒரு பதவி உருவாகவேண்டும். அதை மாகாண நிர்வாகத்திடம் கேட்கும் குரல் உங்களுடையதாக இருந்தால் அதற்கு எடை கூடும்.

முதுமாணி ஒன்றுக்கு மூதவை அனுமதி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதி எல்லாம் எடுக்கக் காலம் செல்லும் என்று தெரியும். அதுவரை காத்திருக்காமல், இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு தெரிவுப் பாடத்தை அடுத்த அரையாண்டிலேயே கள வேலையோடு தொடங்கலாம். அதற்கு என் பெயரை வருகை விரிவுரையாளர் பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள். கள ஆய்வு முறைகளையும் அணுகல்தன்மைச் சோதனையையும் நான் கற்பிக்கிறேன், சனியும் ஞாயிறும் வரமுடியும். என் ஆய்வுக்குத் தயாரித்த தமிழ் ஒப்புதல் உரையையும், நேர்காணல் வழிகாட்டியையும், ஒற்றைக்கைப் பயனர்களுக்கான சோதனைத் தாள்களையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் உங்களுக்குத் தருகிறேன். முல்லைத்தீவில் என்னோடு வேலை செய்தவர்களில் சிலர், வகுப்புக்கு வந்து மாணவர்கள் முன்னால் தங்கள் போனைப் பாவித்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாகன வசதியும் நாட்கூலியும், படியில்லாத ஒரு வகுப்பறையும் ஒழுங்குசெய்தால் போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

கிளிநொச்சியிலிருந்து,
மனித கணினி இடைவினை முதுமாணிப் பட்டதாரி ஒருத்தி